படத்துக்குக் கீழே இரண்டு நட்சத்திரம்

ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டரின் டேட்டாஷீட் கையில் வந்தால் நான் முதல் பக்கத்தை நிதானமாகப் படிப்பதில்லை. அது விளம்பரம். ‘மிகக் குறைந்த டிராப்அவுட்’, ‘சிறந்த நிலைத்தன்மை’ என்று கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இருக்கும். என் கண் நேராகப் போவது ஒரு சின்னப் படத்துக்கு. நடுவில் ஒரு கட்டம், இடதுபக்கம் ஒரு கெபாசிட்டர், வலதுபக்கம் ஒரு கெபாசிட்டர். இடதுபக்கத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி, வலதுபக்கத்துக்கு இரண்டு. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு குறிப்புகள். அந்த இரண்டாவது குறிப்பு ஐம்பது வருஷத்தில் எப்படி மாறியது என்று பார்த்தாலே இந்தத் துறையின் வரலாறு பெருமளவு கிடைத்துவிடும் என்பது என் கட்சி.

முதலில் ஒரு தெளிவு. நம் வீட்டு ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் கடகடவென்று சத்தம் போடும் ஸ்டெபிலைசர் பெட்டியைப் பற்றி நான் பேசவில்லை. இது விரல்நுனி அளவு சிப். உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், வெளியே எடுக்கிற மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும், வெளியீட்டை 5 வோல்ட் என்றால் 5 வோல்ட்டிலேயே நிறுத்தி வைப்பது அதன் வேலை. மிச்ச வோல்டேஜைச் சூடாக்கித் தள்ளிவிடும். 12 வோல்ட் கொடுத்து 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் 7 வாட் வெறும் சூடு. வீண் செலவுதான். ஆனால் அமைதியான செலவு.

கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. பாப் விட்லர், 1937இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். ஃபேர்சைல்டில் இருந்தபோது 702, 709 என்ற இரண்டு ஆப்-ஆம்ப்களை வடிவமைத்து, அனலாக் சிப் என்ற தொழிலையே உண்டாக்கியவர் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. பிறகு நேஷனல் செமிகண்டக்டருக்கு மாறினார். குடி, கோபம், குறும்பு எல்லாம் உண்டு. செலவைக் குறைக்கிறோம் என்று நிர்வாகம் புல்வெட்டுவதை நிறுத்தியபோது, தன் காரில் ஒரு ஆட்டை ஏற்றிவந்து கம்பெனிப் புல்வெளியில் மேயவிட்டவர். பழுதான பாகத்தை மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி சம்மட்டியால் பொடிப்பொடியாக்குவது அவர் வழக்கம். அதற்கு அவர் பெயராலேயே ஒரு வினைச்சொல் வந்துவிட்டது. இந்தக் கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய எல்எம்109தான் முக்கியம்.

அன்றைய கணினிகளில் லாஜிக் அட்டைகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மூலையில் ஒரு பெரிய 5 வோல்ட் மின்வழங்கி. அங்கிருந்து தடித்த கம்பிகள் போகும். கம்பியில் 0.05 ஓம் மின்தடை இருந்தால் போதும், 5 ஆம்பியர் ஓடும்போது கால் வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். 4.75க்குக் கீழே போனால் லாஜிக் சிப்புகள் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அட்டைக்கு ஒரு ரெகுலேட்டர் என்று வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஒரு ஆம்பியர் கடத்தும் டிரான்சிஸ்டரும், நுணுக்கமான ஒப்பீட்டுச் சுற்றும் ஒரே சிலிக்கான் துண்டில் எப்படி இருக்கும்? ஒன்று கொதிக்கும், மற்றது சூட்டில் தடுமாறும். விட்லர் இதைச் செய்து காட்டினார். சூடு ஏறினால் குறையும் டிரான்சிஸ்டர் வோல்டேஜையும், சூடு ஏறினால் கூடும் இன்னொரு வோல்டேஜையும் கூட்டி, சூட்டுக்கு அசையாத ஏறத்தாழ 1.2 வோல்ட் அளவுகோலைச் சிப்புக்குள்ளேயே உண்டாக்கினார். பேண்ட்கேப் என்பார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடும் உள்ளேயே. 1971 பிப்ரவரியில் ஐஇஇஇ இதழில் அவருடைய கட்டுரை வந்தபோது அவர் வேலையை விட்டிருந்தார். 33 வயதில் ஓய்வு, மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டா கடற்கரையில் வாசம்.

எல்எம்109க்கு மூன்றே கால்கள். அதன் டேட்டாஷீட்டில் அந்தச் சின்னப் படம் இருக்கிறது. இரண்டாவது நட்சத்திரக் குறிப்பின் சாரம் இது: நிலைத்தன்மைக்காக வெளியீட்டில் கெபாசிட்டர் எதுவும் தேவையில்லை, வைத்தால் திடீர் மாற்றங்களைச் சமாளிக்க உதவும். சந்தோஷமாக எழுதப்பட்ட வாக்கியம் அது. ‘உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மாட்டிவிட்டுப் போங்கள்’ என்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஃபேர்சைல்டின் 7805ம், நேஷனலின் எல்எம்340ம் இதே குணம்தான். ரிச்சி தெருவில் இன்றைக்கும் ‘ஒரு 7805 குடுங்க’ என்றால் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. அவ்வளவு பொதுச்சொத்து. அதன் டேட்டாஷீட்டில்தான் நான் வாசிப்பின் முதல் பாடத்தைக் கற்றேன். டிராப்அவுட் என்ற வரியைப் பாருங்கள். உள்ளீடு வெளியீட்டைவிட எவ்வளவு அதிகமாக இருந்தால் ரெகுலேட்டர் வேலை செய்யும் என்பதுதான் டிராப்அவுட். 7805க்கு 1 ஆம்பியரில், 25 டிகிரியில், ‘வழக்கமாக’ 2 வோல்ட் என்று போட்டிருக்கும். பக்கத்தில் ‘அதிகபட்சம்’ என்ற கட்டம் காலி. அந்த வெற்றிடம்தான் செய்தி. கம்பெனி அந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் எதை நம்புவது? நேஷனலின் தாளில் சில வரிகள் மேலே போனால், 5 வோல்ட் வெளியீடு 4.75க்கும் 5.25க்கும் நடுவே இருக்கும் என்று உத்தரவாதம் தரும் இடத்தில், நிபந்தனைப் பகுதியில் உள்ளீடு 7.5 வோல்ட்டிலிருந்து தொடங்குகிறது. ஆக, அவர்கள் பொறுப்பேற்பது 2.5 வோல்ட் இடைவெளிக்குத்தான். டிராப்அவுட் என்ற தலைப்பில் சொல்லாததை வேறு தலைப்பின் நிபந்தனையில் சொல்லிவிட்டார்கள்.

பாப் பீஸ் என்று ஒருவர் இருந்தார். நேஷனலில் எல்எம்337 உட்படப் பல சிப்புகளை வடிவமைத்தவர், பத்தி எழுத்தாளர். டேட்டாஷீட்டிலிருந்து சரியான தகவலை எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரையே எழுதி, கம்பெனியின் தடித்த டேட்டாபுக்கின் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார்கள். தன் நிறுவனத்தின் தாளைச் சந்தேகத்தோடு படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளை அதே நிறுவனம் அச்சிட்டது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

1976இல் பாப் டாப்கினின் எல்எம்317 வந்தது. இரண்டு ரெசிஸ்டரை வைத்து வேண்டிய வோல்டேஜை நாமே அமைத்துக்கொள்ளலாம். இதிலும் வாசிப்புக்கு ஒரு வேடிக்கை உண்டு. படத்தில் 240 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதன் குறுக்கே 1.25 வோல்ட் நிற்பதால் சுமார் 5 மில்லியாம்பியர் ஓடும். ராணுவத் தர எல்எம்117க்குக் குறைந்தபட்சச் சுமை அதிகபட்சம் 5 மில்லியாம்பியர், ஆகவே 240 பொருந்தும். மலிவான எல்எம்317க்கோ அது 10 மில்லியாம்பியர் வரை போகலாம் என்று அட்டவணை சொல்கிறது. அதற்கு 120 ஓம் வேண்டும். படம் அண்ணனுக்கு வரைந்தது, அட்டவணை தம்பிக்கும் சேர்த்து. படத்தை மட்டும் பார்த்து 240 போட்டவர்களின் சுற்றுகளும் பெரும்பாலும் ஓடத்தான் செய்கின்றன, ஏனென்றால் வழக்கமான சிப்புக்கு 3.5 மில்லியாம்பியரே போதும். மோசமான ஒரு சிப் மாட்டினால் மட்டும், சுமை இல்லாத நேரத்தில் வெளியீடு மெல்ல மேலே ஏறும்.

இந்தத் தலைமுறைச் சிப்புகள் அனைத்திலும் பெரிய டிரான்சிஸ்டர் என்பிஎன் வகை, எமிட்டர் வெளியீட்டைப் பார்த்திருக்கும். அந்த அமைப்பு இயல்பிலேயே சாது. வெளியீட்டு மின்தடை குறைவு. என்ன சுமை மாட்டினாலும் பெரிதாக அசராது. அதற்கு விலை அந்த 2 வோல்ட். குளிரில் அது இன்னும் கூடும், டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் வீதம் ஏறுவதால்.

இந்த 2 வோல்ட்டைப் பொறுக்க முடியாத ஒரு வாடிக்கையாளர் வந்தார்: கார். காருக்குள் மைக்ரோபிராசசர் புகுந்த காலம். பேட்டரி 12 வோல்ட்தான். ஆனால் கடுங்குளிரில் சாவியைத் திருகும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் அது 6 வோல்ட் வரைக்கும் விழும். 5 கூட்டல் 2, ஏழு. ஆறுக்குள் ஏழு அடங்காது. இன்ஜின் கிளம்ப வேண்டிய அந்த நொடியிலேயே இன்ஜினை ஆளும் சிப் செத்துப் பிழைத்தால் என்ன ஆவது? பிஎன்பி டிரான்சிஸ்டரைப் போட்டு, கலெக்டரை வெளியீட்டுப் பக்கம் திருப்பினார்கள். டிராப்அவுட் அரை வோல்ட்டுக்கு வந்தது. எல்எம்2930, பிறகு 1 ஆம்பியர் எல்எம்2940. ஐந்தரை வோல்ட் இருந்தால் போதும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும், 60 வோல்ட் அதிர்ச்சி வந்தாலும் தாங்கும்.

எல்எம்2940இன் அந்தச் சின்னப் படத்துக்குக் கீழே வாருங்கள். முதல் நட்சத்திரம் பழைய வாக்கியமேதான். இரண்டாவது நட்சத்திரம் தொனியே மாறியிருக்கிறது. வெளியீட்டு கெபாசிட்டர் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் இருந்தே ஆகவேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். சிப்புக்கு மிக அருகில் வைக்க வேண்டும். சிப் இயங்கும் அதே வெப்பநிலை எல்லை முழுவதும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் ஈஎஸ்ஆர் மிக முக்கியம், வரைபடத்தைப் பார்க்கவும். எல்எம்109இல் ‘தேவையில்லை’ என்று முடிந்த வாக்கியம் இங்கே ஒரு ஒப்பந்தப் பத்திரமாக ஆகிவிட்டது.

ஈஎஸ்ஆர் என்பது கெபாசிட்டருக்குள் ஒளிந்திருக்கும் மின்தடை. எந்தக் கெபாசிட்டரும் சுத்தமான கெபாசிட்டர் இல்லை. பொதுவாக இது குறை. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் இந்தச் சிப் ‘எனக்கு 0.1 ஓமுக்கும் 1 ஓமுக்கும் நடுவே வேண்டும்’ என்று கேட்கிறது. கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. வரைபடத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே ஒரு பாதை. இதற்கு ‘மரணச் சுரங்கம்’ என்று பொறியாளர்களிடையே ஒரு பட்டப்பெயர்.

ஏன் இப்படி? ரெகுலேட்டர் தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ‘ஊய்ய்ய்’ என்று கத்துமே, அதுவும் இதே குடும்பம்தான். திரும்பி வரும் சமிக்ஞை தாமதமாகி, திருத்த வேண்டிய நேரத்தில் ஏற்றிவிட்டால் சுற்று தானாகவே அலைபாயத் தொடங்கும். பிஎன்பி அமைப்பில் வெளியீட்டு மின்தடை அதிகம். அது வெளியீட்டுக் கெபாசிட்டரோடு சேர்ந்து ஒரு தாமதத்தை உண்டாக்குகிறது. சிப்புக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இரண்டும் கூடினால் ஊளைதான். கெபாசிட்டரின் ஈஎஸ்ஆர் இந்தத் தாமதத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. 22 மைக்ரோஃபாரடும் 0.3 ஓமும் என்றால் அந்த உதவி சுமார் 24 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பமாகும். சரியான இடம். ஈஎஸ்ஆர் மிகக் குறைந்தால் உதவி வருவதற்குள் காரியம் கெட்டிருக்கும். மிகக் கூடினால் உதவி சீக்கிரமே வந்து, திருத்தும் வேகம் எல்லை மீறி, உள்ளே ஒளிந்திருக்கும் வேறு தாமதங்களைக் கிளப்பிவிடும்.

இதற்குத் தோதான பொருள் டான்டலம். அதன் ஈஎஸ்ஆர் இயல்பாகவே அந்தப் பாதைக்குள் விழும், குளிருக்கும் சூட்டுக்கும் பெரிதாக மாறாது. அலுமினியம் எலெக்ட்ரோலிட்டிக் அறைக்குள் நன்றாக இருக்கும். மைனஸ் 40 டிகிரியில் அதன் ஈஎஸ்ஆர் பல மடங்கு ஏறிவிடும். குறிப்பில் ‘அதே வெப்பநிலை எல்லை’ என்று எழுதியதற்குப் பின்னால் உறைந்த கார்கள் நிற்கின்றன. அப்புறம் 2000 வந்தது. செல்போன் பெருக்கத்தில் டான்டலத்துக்கு அடிதடி. விலை தாறுமாறாக ஏறியது. அந்தத் தாதுவின் ஒரு பகுதி போர் நடந்துகொண்டிருந்த காங்கோவின் கிழக்கு மண்ணிலிருந்து வந்தது என்பதும் அந்த விலையேற்றத்தோடு சேர்ந்தே உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு ரெகுலேட்டரின் அடிக்குறிப்பு கேட்ட அரை ஓமுக்கும் யாரோ ஒருவர் மண்வெட்டி பிடித்த குழிக்கும் நேர்க்கோடு போட முடியாது. கோடே இல்லை என்றும் சொல்ல முடியாது.

பதிலாக வந்தது பல அடுக்கு செராமிக். மலிவு, சின்னது, எரியாது. ஈஎஸ்ஆர் சில மில்லிஓம்தான். 10 மைக்ரோஃபாரடும் 5 மில்லிஓமும் என்றால் அந்த ‘உதவி’ 3 மெகாஹெர்ட்ஸுக்கு ஓடிப்போய்விடுகிறது. தீ அணைந்தபின் வரும் தீயணைப்பு வண்டி. பழைய சிப்புக்குப் புதிய கெபாசிட்டரை மாட்டினால் ஊளை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தில் இந்த வரலாறு ஒருநாள் மேசைக்கே வந்தது. கொள்முதலைப் பார்த்துக்கொண்ட அண்ணன் இரண்டு ரீலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இதுவும் 22 மைக்ரோ, அதுவும் 22 மைக்ரோ. இது பாதி விலை. எதுக்கு டான்டலம்?”

“அண்ணே, இது ரொம்ப நல்ல கெபாசிட்டர். அதான் ஆகாது.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எல்எம்1117இன் தாளை எடுத்து, ஈஎஸ்ஆர் 0.3 ஓமிலிருந்து 22 ஓம் வரை என்ற வரியைக் காட்டினேன். செராமிக்கே வேண்டுமென்றால் தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடலாம் என்றேன்.

“நல்லதைக் கெடுக்கிறதுக்குக் காசு குடுத்து ரெசிஸ்டர் வாங்கணுமா?”

“ஆமாண்ணே. அப்பவும் டான்டலத்தை விடக் கம்மிதான்.”

கணக்குப் போட்டுப் பார்த்தார். வாங்கினார். அந்த நிறுவனத்தின் அட்டைகளில் அந்தக் ‘கெடுக்கிற ரெசிஸ்டர்’ கடைசிவரை அதே பெயரில்தான் அழைக்கப்பட்டது.

எல்எம்1117ஐயும் அதன் உறவான ஏஎம்எஸ்1117ஐயும் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் படிக்கிற பலர் கையில் அது இருக்கும். வைஃபை போர்டுகள், ஆர்டுயினோ நகல்கள் எல்லாவற்றிலும் மூன்று கால் கறுப்புப் புள்ளியாக உட்கார்ந்திருப்பது அதுதான். விற்கிறவர்கள் எல்டிஓ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உள்ளே என்பிஎன்னை ஒரு பிஎன்பி தள்ளுகிற கலப்பு. டிராப்அவுட் 800 மில்லியாம்பியரில் 1.2 வோல்ட் போல. யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து 3.3 எடுக்கத் தாராளம். லித்தியம் பேட்டரியில் மாட்டினால் 3.3 கூட்டல் 1.2, நாலரை. முழுக்க ஏறிய பேட்டரியே 4.2தான். போர்டு ஓடுவது போலத் தெரியும், வைஃபை பேசும்போது மட்டும் விழுந்து எழும்.

மாஸ்ஃபெட் வைத்த சிப்புகளில் கணக்கு வேறு. எம்சிபி1700 என்ற சின்னச் சிப்பின் தாளில் 250 மில்லியாம்பியருக்கு 178 மில்லிவோல்ட் என்று இருக்கும். வகுத்தால் 0.7 ஓம். விளிம்பைத் தாண்டிய மாஸ்ஃபெட் வெறும் ரெசிஸ்டர், ஆகவே 100 மில்லியாம்பியருக்கு 71 மில்லிவோல்ட் என்று நாமே சொல்லிவிடலாம். பிஎன்பியில் இந்தக் கணக்கு செல்லாது: எல்பி2950 நூறு மில்லியாம்பியருக்கு 380 மில்லிவோல்ட் கேட்கும், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்துக்கும் 50 கேட்கும். ‘விழுந்தது’ என்பதன் வரையறையும் தாளுக்குத் தாள் மாறும். ஒருவருக்கு வெளியீடு 100 மில்லிவோல்ட் குறைந்தால் டிராப்அவுட், இன்னொருவருக்கு 2 சதவீதம். 5 வோல்ட்டில் இரண்டும் ஒன்றுதான். 1.8 வோல்ட்டில் இரண்டாவது ஆள் மூன்று மடங்கு கறார். அட்டவணைக்குக் கீழே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் இரண்டு கம்பெனியின் எண்களை ஒப்பிடுவது, கிலோவையும் படியையும் ஒப்பிடுவது மாதிரி.

நிலைத்தன்மைக்கு எண் எதுவும் தர மாட்டார்கள், பெரும்பாலும். அதைப் படங்களில்தான் தேட வேண்டும். திடீரென்று சுமை ஏறும்போது வெளியீடு எப்படி ஆடுகிறது என்று ஒரு அலைப்படம் இருக்கும். ஒரு குழி விழுந்து நேராக எழுந்தால் நல்ல பிள்ளை. நாலைந்து முறை மேலும் கீழும் ஆடி அடங்கினால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தில் எந்தக் கெபாசிட்டர், சுமை எங்கிருந்து எங்கே ஏறியது என்றும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நூறு மில்லியாம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்றிக் காட்டுவது சுலபம், கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து ஏற்றிக் காட்டுவதுதான் கடினம். உள்ளீட்டு இரைச்சலை எவ்வளவு அடக்குகிறது என்ற வரைபடத்தில் ஒரு இடத்தில் மட்டும் இரைச்சல் கூம்பு மாதிரி புடைத்திருந்தால், பெரும்பாலும் அங்கேதான் அந்தச் சிப்புக்குத் தலைசுற்றல்.

தொண்ணூறுகளில் அனலாக் டிவைசஸ் ‘எனிகேப்’ என்ற பெயரில், எந்தக் கெபாசிட்டரானாலும் சரி என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. இன்றைய எல்டிஓக்கள் பலவும் செராமிக்குக்காகவே பிறந்தவை. அவற்றின் குறிப்பு மறுபடி ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: 1 மைக்ரோஃபாரட் செராமிக். ஆனால் உற்றுப் பாருங்கள், ‘செயல்படும் அளவு’ என்று ஒரு சொல் புதிதாக நுழைந்திருக்கும். செராமிக்கின் மேல் வோல்டேஜ் ஏற ஏற அதன் கெபாசிட்டன்ஸ் குறையும். மிகச் சின்ன உடம்பில் 1 மைக்ரோ என்று எழுதி விற்கப்படுவது 3.3 வோல்ட்டில் பாதிக்கு மேல்கூட இழந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ரெகுலேட்டரின் தாள் போதாது, கெபாசிட்டரின் தாளையும் திறக்க வேண்டும்.

விட்லர் 1991 பிப்ரவரியில், 53 வயதில், புவெர்ட்டோ வயார்ட்டாவில் இறந்தார். பீஸ் 2011 ஜூனில், நண்பர் ஜிம் வில்லியம்ஸின் நினைவுக் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில் கார் விபத்தில் போனார். அதே வருஷம் நேஷனலை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. 2016இல் ஃபேர்சைல்ட் ஆன் செமிகண்டக்டரிடம் போனது. தாள்களின் தலைப்பில் சின்னங்கள் மாறின, எழுத்துரு மாறியது, பக்கங்கள் பெருத்தன. எல்எம்2940இன் தாள் இப்போது டெக்சாஸ் பெயரில் வருகிறது. ஈஎஸ்ஆர் வரைபடத்தின் அந்த இரண்டு கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன.